ஆயிரத்துக்கு ஐந்து

பள்ளி நூலகர்களுக்கு ஒரு சங்கம் என்று சொன்னால், என் தலைமுறை அரசு ஊழியர்கள் முதலில் கேட்பது "என்ன கோரிக்கை?" என்றுதான். சங்கம் என்றால் நமக்கு ஊதிய விகிதம், பஞ்சப்படி, பதவி உயர்வு, வாயிற்கூட்டம். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் சந்தா கட்டியவன். அந்தக் கோரிக்கைகளால் பலன் அடைந்தவன். இன்று ஓய்வூதியம் வாங்கி உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். எனவே அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனாலும் பள்ளி நூலகர் சங்கத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது, அதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. தன் உறுப்பினருக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த வேலை. அதை உறுப்பினர்களே, காசு வாங்காமல், தங்கள் நேரத்தைக் கொடுத்துச் செய்ய வேண்டும். இதை ஏன் இத்தனை உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க இன்னொரு கணக்கு வாத்தியார் இருப்பார். நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மூத்த யு.டி.சி. இருந்தார். எதிரே சூப்பிரண்டெண்ட். கோப்பில் நோட்டு எழுதுவது எப்படி, எந்தத் தாளை எங்கே கோர்ப்பது, பில்லை அக்கவுண்ட்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பாமல் இருக்க என்ன செய்வது, எல்லாம் அவர்கள் வாயால் கேட்டுத்தான் கற்றேன். நான் படித்தது முழுக்க பிரெஞ்சு வழியில். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, ஆபீசில் ஆங்கிலம் என்று மூன்று படகில் கால் வைத்தவனுக்கு, பக்கத்து நாற்காலி இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை.

பள்ளி நூலகருக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. ஒரு பள்ளிக்கு ஒருவர்தான். பல பள்ளிகளில் அந்த ஒருவரும் இல்லாமல், ஏதோ ஒரு ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகச் சாவியை மட்டும் வைத்திருப்பார். தலைமை ஆசிரியருக்கு நூலக வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆய்வுக்கு வருகிறவர் கேட்பது "ரெஜிஸ்டர் எழுதியிருக்கா?" என்ற ஒன்றைத்தான். ஆக, வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும் உத்தியோகம் அது.

அதன் விளைவு என்ன என்பதை என் தம்பி முறை உள்ளவரின் மகள் வழியாகத் தெரிந்துகொண்டேன். அவள் ஓர் அரசுப் பள்ளியில் நூலகர். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். நூலக அறிவியலில் பட்டம் வாங்கியவள், சுறுசுறுப்பானவள். ஒரு பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவளிடம், பிள்ளைகள் என்ன புத்தகம் விரும்பிப் படிக்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"பீரோவைத் திறந்தாத்தானே பெரியப்பா தெரியும்?"

"ஏம்மா திறக்கிறதில்லை?"

"ஒரு புத்தகம் தொலைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிச்சிடுவாங்க. பிள்ளைங்ககிட்ட எப்படி நம்பிக் கொடுக்கிறது?"

"அப்படின்னு யாரு சொன்னது?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க சார்ஜ் கொடுக்கும்போது சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க முன்னாடி இருந்தவங்க சொல்லியிருக்காங்க."

ஆக ஒரு பயம், சாவியோடு சேர்ந்து, சார்ஜ் லிஸ்டில் எழுதாத ஓர் அயிட்டமாக, கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நூலகப் பாடவேளை உண்டு. அதில் செய்தித்தாள் கொடுப்பார்களாம், இல்லை வீட்டுப்பாடம் எழுதச் சொல்வார்களாம். புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன.

எழுத்தராக இருந்தவனுக்கு விதிப் புத்தகம்தான் வேதம். நான் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று ஒன்று உண்டு. ஜி.எஃப்.ஆர். என்பார்கள். நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அதுதான் கைப்புத்தகம். 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் 215-ஆம் விதி நூலகப் புத்தகங்களின் இருப்புச் சரிபார்ப்பைப் பற்றியது. 20,000 புத்தகங்கள் வரை உள்ள நூலகமானால் ஆண்டுக்கு ஒரு முறை முழுவதுமாகச் சரிபார்க்க வேண்டும். அந்த விதியிலேயே, ஓர் ஆண்டில் எடுத்துக் கொடுத்த, படிக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு என்று வைத்திருக்கிறார்கள். நாணயக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். கணக்கு, பீரோவில் இருக்கும் புத்தகத்துக்கு இல்லை, கைக்குக் கை கொடுத்த புத்தகத்துக்கு. ஒரு பள்ளி நூலகர் வருஷத்தில் 2,000 முறை புத்தகம் கொடுத்தால் பத்துப் புத்தகம் வரை தொலைவதை விதி பொறுத்துக்கொள்கிறது. பீரோவைத் திறக்கவே திறக்காதவருக்கு அந்தக் கணக்கில் வருவது பூஜ்யம். அங்கே ஒரு புத்தகத்தைக் கரையான் தின்றாலும் அவர் பதில் சொல்ல வேண்டியவர்தான். அதாவது, நம் சர்க்காரின் விதி, திறந்து கொடுப்பவர் பக்கம் நிற்கிறது. பூட்டி வைத்தவர்தான் பாதுகாப்பு இல்லாதவர். இத்தனை வருஷமாக நடப்பதோ தலைகீழாக!

இழப்பு தானாகத் தள்ளுபடியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வழங்கல் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும், சரிபார்ப்பு அறிக்கை இருக்க வேண்டும், அதிகாரமுள்ளவரிடம் கோப்பு வைத்து உத்தரவு வாங்க வேண்டும். அந்தக் கோப்பை எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கு இத்தனை வருஷமாக யாரும் கொடுக்கவில்லை. பட்டப்படிப்பில் வகைப்படுத்தல், அட்டவணை தயாரிப்பு, கணினி எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு, தொலைந்த புத்தகத்துக்கு நோட்டு எழுத ஒருவரும் சொல்லித் தரவில்லை. துறை நடத்தும் பயிற்சிகள் பெரும்பாலும் பாட ஆசிரியர்களுக்கானவை. எனவே இதைச் சொல்லித் தர வேண்டியவர்கள் இன்னொரு பள்ளியில் அதே வேலையைப் பார்த்து, அந்தக் கோப்பை ஒரு முறை எழுதி ஜெயித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் சந்திக்கிற இடத்தைத்தான் நான் சங்கம் என்கிறேன்.

இது ஏதோ கிழவனின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். நமக்கு வெகு அருகிலேயே முன்மாதிரி இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கம் என்ன செய்தது? மறுவருஷமே, 1929-இல், கோடையில் நூலகப் பயிற்சி வகுப்பு நடத்தியது. இரண்டு வருஷம் கழித்து, 1931-இல், அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. நூல்கள் பயன்படுவதற்காகவே என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் அதே 1931-இல்தான். வெளியிட்டது அந்தச் சங்கம். பிறகு 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது.

அந்த வரிசையைப் பாருங்கள். முதலில் வகுப்பு, அடுத்து புத்தகம், அதற்குப் பிறகுதான் சட்டம். தொழில் தெரிந்த கூட்டம் ஒன்று உருவான பிறகு, அந்தக் கூட்டம் கேட்டதைச் சர்க்காரால் அலட்சியம் செய்ய முடியவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பிரெஞ்சு படித்தவன் என்பதால் அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பது வழக்கம். பிரான்சில் இடைநிலைப் பள்ளி, லிசே எல்லாவற்றிலும் 'செ-தே-இ' என்று ஒன்று இருக்கும். ஆவண, தகவல் மையம் என்று தமிழில் சொல்லலாம். நம் பேச்சில் பள்ளி நூலகம். அதைக் கவனிப்பவர்கள் 1972-இல் நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்றை அமைத்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் நிலை கிட்டத்தட்ட நம் கதைதான். வகுப்பெடுக்க முடியாத நிலையில் இருந்த ஆசிரியர்களை நூலகத்தில் உட்கார வைப்பதும் உண்டு. கூட்டமைப்பினர் தங்கள் வேலை வெறும் புத்தகம் எடுத்துக் கொடுப்பதில்லை, தகவலைத் தேடவும் எடை போடவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என்று மாநாடு கூட்டிப் பேசினார்கள், எழுதினார்கள், ஒருவருக்கொருவர் பாடத்திட்டம் தயாரித்துக் கொடுத்தார்கள். 1989-இல் மற்ற பாட ஆசிரியர்களுக்கு உள்ளதுபோலவே அவர்களுக்கும் 'காப்பெஸ்' என்ற போட்டித் தேர்வு ஏற்பட்டது. இன்று அங்கே நூலகரின் பதவிப் பெயரிலேயே 'புரோஃபெசர்' என்ற சொல் இருக்கிறது. சம்பளம், மரியாதை எல்லாம் அந்தச் சொல்லோடு வருகிறது.

பிரெஞ்சில் இப்படிச் சங்கத்துக்கு உழைப்பவரை 'பெனெவோல்' என்பார்கள். லத்தீனில் அதன் வேர் 'நல்லதை விரும்புகிறவன்'. தமிழில் நாம் தன்னார்வலர் என்கிறோம். அதில் ஆர்வம் இருக்கிறது, நல்லது. ஆனால் ஆர்வம் ஆறு மாதத்தில் ஆறிப்போகக்கூடியது. விருப்பம் நல்லதாக இருந்தால் கொஞ்சம் நீடிக்கும் என்பது என் அனுபவம்.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாங்க சும்மா வேலை செஞ்சா கவர்ன்மென்ட்டு பணியிடத்தை நிரப்பவே நிரப்பாது. உங்களுக்கு பென்ஷன் வருது, நீங்க பேசலாம்" என்றார். அவர் கேட்டது நியாயம். காலிப் பணியிடத்தில் தன்னார்வலரை உட்கார வைத்துவிட்டு, எல்லாம் நடக்கிறது என்று அறிக்கை அனுப்புவதை நானும் ஏற்க மாட்டேன். அப்படி ஒரு யோசனை வந்தால் சங்கம் அதை எதிர்த்தே ஆக வேண்டும். பள்ளிக்கு நூலகர் தேவை என்றால் நியமிக்க வேண்டியது அரசு.

நான் சொல்லும் தொண்டு அதுவன்று. அது பள்ளிக்குச் செய்யும் இலவச வேலையாக இல்லாமல், நூலகர் இன்னொரு நூலகருக்குச் செய்வதாக இருக்கும். அதன் பலன் திரும்பத் தொழிலுக்கே வரும். யோசித்துப் பாருங்கள். சங்கத்தின் பொருளாளராக இரண்டு வருஷம் கணக்கு எழுதிய பெண், தன் பள்ளியின் நூலக மானியக் கணக்கைப் பயமின்றி எழுதுவாள். சமக்ர சிக்ஷாவில் பள்ளியின் நிலையைப் பொறுத்து வருஷம் 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலகத்துக்கு மானியம் உண்டு. கடைசி நேரத்தில் எந்த விற்பனையாளர் கட்டாகக் கொண்டு வருகிறாரோ அதை வாங்கித் தள்ளுகிறார்கள். நல்ல பட்டியல் ஒன்று கையில் இருந்தால் அந்த நிலை வராது. பட்டியல் தயாரிப்பதும் சங்கத்தின் தொண்டுதான். நாற்பது பேர் முன்னால் பேசிப் பழகிய செயலாளர், மாணவர் முன்னாலும் தலைமை ஆசிரியர் முன்னாலும் கூசாமல் பேசுவார். எனவே சங்க வேலையே ஒரு பயிற்சி. சான்றிதழ் மட்டும்தான் தருவதில்லை.

சான்றிதழ் தராததுதான் இடைஞ்சல் என்றால், அதற்கும் வழி உண்டு. சங்கம் அரசிடம் கேட்க வேண்டிய கோரிக்கை ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். சங்கம் நடத்தும் பயிற்சிக்குப் போகும் நாளைப் பணி நாளாகக் கருதி 'ஆன் டூட்டி' கொடுக்க வேண்டும். வருகையைப் பணிப்பதிவேட்டில் ஒரு வரியாகப் பதிய வேண்டும். அரசுக்கு இதனால் பெரிய செலவு கிடையாது. கோப்பு எளிதில் நகரும் என்று ஒரு பழைய எழுத்தர் சொன்னால் நம்பலாம். ஆனால் கேட்பதற்கு முன் ஒரு வருஷமாவது சொந்தமாக நடத்திக் காட்டியிருக்க வேண்டும். "நடத்தப்போகிறோம், உதவுங்கள்" என்ற மனுவுக்கும் "பன்னிரண்டு நடத்தியிருக்கிறோம், வருகைப் பட்டியல் இணைத்திருக்கிறோம்" என்ற மனுவுக்கும் மேஜையில் கிடைக்கும் மரியாதை வேறு. நான் இரண்டு வகையையும் பெற்றுக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன்.

நடைமுறையில் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பட்டம் பெற்ற நூலகர்களோடு, கூடுதல் பொறுப்பாகச் சாவி வைத்திருக்கும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "அவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். பீரோவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, நேரம். உறுப்பினரில் பெண்கள் கணிசமாக இருப்பார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று நோட்டில் எழுதுவதில் அர்த்தமில்லை. காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை வைக்கலாம். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வருகிறவர் பஸ் பிடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, தூரம். நம் பிரதேசம் ஒரே துண்டாக இல்லை. காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். எல்லாரையும் இங்கே வா என்றால் நடக்காது. காரைக்காலில் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை அவர்களே நடத்தட்டும், இங்கிருந்து இரண்டு பேர் போகட்டும். மாஹேக்கும் ஏனாமுக்கும் மலையாளப் பட்டியல், தெலுங்குப் பட்டியலை அங்கேயுள்ளவர்களைக் கொண்டே தயாரிக்க வேண்டும். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஏனாம் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது, பாரீசில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் போட்டதுபோல ஆகும். பிரான்சின் நதிகளையும் மலைகளையும் மனப்பாடம் செய்த பிறகுதான் செஞ்சி ஆறு எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது!

நான்காவது, ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். ஒரு மாதம் இருப்புச் சரிபார்ப்பு. ஒரு மாதம் கிழிந்த புத்தகத்தைத் தைப்பது. ஒரு மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. ஒரு மாதம், கைபேசியில் வரும் செய்தி உண்மையா என்று பார்க்கக் கற்பிப்பது. தலைவர் உரை, வாழ்த்துரை, பொன்னாடை இவை எதுவும் வேண்டாம். பொன்னாடை வாங்கும் காசில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாம்.

ஐந்தாவது, இதைப் படிக்கும் நம்மைப் போன்றவர்கள். நூல் கட்டத் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், பழைய ரெஜிஸ்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று எத்தனை பேர் காலை நடை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்! போகலாம். ஆனால் நாம் உறுப்பினர்கள் இல்லை, விருந்தினர்கள் என்ற நினைப்போடு போக வேண்டும். கேட்டதைச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அந்தச் சங்கத்தில் இளையவர்கள் கற்க ஏதும் மிஞ்சாது.

என் தம்பி மகள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவள் அந்த விதியை நகல் எடுத்து, தன் தலைமை ஆசிரியரிடம் காட்டியிருக்கிறாள். அவரும் படித்துவிட்டு, "சரிம்மா, ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பிங்க" என்றாராம். அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறு. அவளும் பக்கத்துப் பள்ளி நூலகர்கள் நான்கு பேரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவர் பள்ளியில் ஒருவர் கூடுகிறார்கள். முறையாகப் பதிவு செய்ய 1860-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, உங்கள் வீட்டில், தெருவில், உறவில் நூலகச் சாவி வைத்திருப்பவர் யாராவது இருந்தால், இந்த ஆயிரத்துக்கு ஐந்து கணக்கை முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.